பெப்பர் (சொல் வரலாறு)

பெப்பர்: மிளகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். லத்தீன் 'பிப்பெர்' வழியாக வந்தது. வடகவுஞ்சி முதலிய பழனி மலை ஊர்களில் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் ஏற்றிவிடும் மிளகுக்கொடிக்கு இன்று இதுவே உலகப் பெயர். மூலத்தில் இது வேறொரு கொடியின் பெயர்.

வடமொழியில் 'பிப்பலி' என்பது திப்பிலி. அது பாரசீகர் வாய்வழி கிரேக்கத்தில் 'பெபெரி' ஆனது. லகரம் ரகரமாகத் திரிந்தது அந்த வழியில்தான் என்பர் மொழியறிஞர். கி.மு. 300ஐ ஒட்டி எழுதிய கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் நீண்ட திப்பிலி, உருண்டை மிளகு இரண்டையும் அந்த ஒரே பெயரில் விவரிக்கிறார். லத்தீனும் அப்படியே வாங்கிக்கொண்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் விலைப்படி, ஒரு ராத்தல் திப்பிலி 15 தினாரி, கருமிளகு 4 தினாரி. முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போன மலிவான கருமிளகு சமையலறைகளைப் பிடித்தது. திப்பிலி மறக்கப்பட, பெயர் மிளகுக்கு நின்றது. யவனர் பொன் தந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. அங்கே மிளகின் பெயர் 'கறி'. சரக்கு கடல் கடந்தது. அந்தப் பெயர் கடக்கவில்லை.

ஆங்கிலத்துக்கு இச்சொல் நூல்வழி வந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் அது 'பிபோர்', ஜெர்மனில் 'ஃபெஃபர்'. ஜெர்மன் மொழியில் பகரம் திரிந்த காலம் ஏறத்தாழ 6, 7ஆம் நூற்றாண்டு. அத்திரிபு இச்சொல்லிலும் இருப்பதால், அதற்கு முன்பே வணிகர் வழியாக அது வடக்கே பரவிவிட்டது என்று துணியலாம். எழுத்துச் சான்றைவிட உறுதியான சான்று இது. இங்கிலாந்தில் 735இல் இறந்த துறவி பீடு, தம் சிறு உடைமைகளைப் பங்கிட்டபோது அவற்றில் மிளகும் இருந்தது.

கொலம்பஸின் பயணங்களுக்குப் பின் அமெரிக்க மிளகாய்க்கும் ஆங்கிலம் இதே பெயரைச் சூட்டியது. தமிழும் மிளகிலிருந்தே 'மிளகாய்' என்றது. இரு மொழிகளும் தனித்தனியே செய்த ஒரே முடிவு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மிளகுக்கும் திப்பிலிக்கும் 'பைப்பர்' என்ற ஒரே பேரினப் பெயரை வைத்தார்.

'மிளகு' என்ற சொல்லும் பின்னாளில் ஆங்கிலத்தில் நுழைந்தது. சென்னையில் இருந்த ஆங்கிலேயர் மிளகுத்தண்ணீரை 18ஆம் நூற்றாண்டில் 'மல்லிகடானி' என்று எழுதத் தொடங்கினர்.