புத்தகம் மாதிரி ஒரு லைசென்ஸ்

போன வாரம் புது லேப்டாப்புக்கு மாறினேன். காசு கொடுத்து வாங்கின ஒரு ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரை அதுல போட்டா, "ஏற்கனவே வேற கணினியில் இயங்குது"ன்னு மறுத்துடுச்சு. அந்த வேற கணினி திரை உடைஞ்சு பரண்ல கிடக்கு. ரெண்டு மெஷினும் என்னுடையது, காசும் என்னுடையது, அனுமதி மட்டும் வேற யார்கிட்டயோ இருக்கு. இந்தக் கணக்கு எப்போ ஆரம்பிச்சதுன்னு தேடினதுதான் இந்த எபிசோடு.

1960களில் இந்தத் தலைவலியே பெரும்பாலும் கிடையாது. ஐபிஎம் மெயின்ஃப்ரேமை எடுத்தா சாஃப்ட்வேரும் கூடவே வந்துடும். இரண்டுக்கும் தனித்தனி விலைன்னு அந்த நிறுவனம் அறிவித்தது 1969 ஜூனில். அப்புறம் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தது, ஃப்ளாப்பி வந்தது, யார் வேணும்னாலும் காப்பி எடுக்கலாம்னு ஆச்சு. நிறுவனங்கள் பூட்டு போட ஆரம்பிச்சாங்க. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 விலை 495 டாலர். அதை ஹார்ட் டிஸ்கில் போட்டாலும், ஒரிஜினல் ஃப்ளாப்பியைச் சொருகினாத்தான் திறக்கும்.

அதே 1983 நவம்பரில் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை விற்க ஆரம்பித்தது. ஆமா, நம்ம காலேஜ் லேப்ல நீலத் திரையில நாம முட்டி மோதின டர்போ சி++ பண்ணின அதே போர்லாண்ட்தான். கம்பைலரை எழுதினவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். பின்னாடி சி ஷார்ப்பும் டைப்ஸ்கிரிப்ட்டும் இவர் தலைமையில வந்தவை. மத்தவங்க கம்பைலர் நூற்றுக்கணக்கான டாலர் இருந்தப்போ, இது 49.95 டாலர். பூட்டும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதோட லைசென்ஸ்தான். இந்த சாஃப்ட்வேரை ஒரு புத்தகம் மாதிரி நடத்துங்கன்னு போர்லாண்ட் சொன்னது. எத்தனை பேர் வேணும்னாலும் பயன்படுத்தலாம், எந்தக் கணினிக்கு வேணும்னாலும் மாத்தலாம். ஒரே புத்தகத்தை ஒருத்தர் மதுரையிலும் இன்னொருத்தர் சென்னையிலும் ஒரே நேரத்துல படிக்க முடியாதில்லையா? அதே மாதிரி ஒரே சமயத்துல இரண்டு இடத்துல இது ஓட வாய்ப்பு இருக்கக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. அதாவது மெஷினை எண்ணலை, பயன்பாட்டை எண்ணினாங்க. இதை யார் சரிபார்ப்பா? யாரும் இல்லை! நம்பிக்கைதான். அப்படியும் டர்போ பாஸ்கல் சக்கைப்போடு போட்டது.

ஆனா தொழில் போன பாதை வேற. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணினியின் பாகங்களை வெச்சு ஒரு அடையாளம் உருவாக்கி, அதோட லைசென்ஸைக் கட்டிப்போட்டது. வீட்ல இரண்டாவது கணினியா? இரண்டாவது லைசென்ஸ்.

சட்டத்துல சண்டை ஒரு வார்த்தைக்காக: நாம பிரதியின் உரிமையாளரா, இல்லை அனுமதி பெற்றவர் மட்டும்தானா? அமெரிக்காவில் ஒருத்தர் பழைய ஆட்டோகேட் பிரதிகளை ஈபேயில் விற்கப் பார்த்தார். ஆட்டோடெஸ்க் எதிர்த்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவருக்கு வித்தவங்களே உரிமையாளர் இல்லை, அனுமதி பெற்றவங்கதான், அதனால மறுவிற்பனை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இரண்டே வருஷத்துல, ஆரக்கிள் சம்பந்தப்பட்ட யூஸ்டுசாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் நேர் எதிரா நின்னது. காலவரம்பில்லாத லைசென்ஸைக் காசு வாங்கிக் கொடுத்தா அது விற்பனைதான், மறுபடி விற்கலாம், ஆனா விற்கிறவர் தன் கணினியில் இருக்கிற பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிடணும். கவனிச்சீங்களா, மறுபடியும் புத்தகம்தான்.

நம்ம ஊர் சட்டம் 'உரிமையாளர்'னு கேட்காம, பிரதியைச் சட்டப்படி கையில் வெச்சிருக்கிறவர் பாதுகாப்புக்கு ஒரு காப்பி எடுக்கலாம்னு சொல்லுது. எனக்கு இந்த வார்த்தை நேர்மையாப் படுது.

என் கதை? பழைய லேப்டாப்பை டிவியோட எச்டிஎம்ஐ கேபிள்ல சேர்த்து, உள்ளே போய் டீஆக்டிவேட் பண்ணினேன். நாற்பது நிமிஷம் ஆச்சு. அதுல பாதி நேரம் அப்டேட் ஓடிட்டு இருந்தது.