கயிற்றிலிருந்து தொடங்கிய மாற்றம்: சாமுராய் கவசத்தின் கட்டமைப்பு குறித்து

சாமுராய் கவசம் பற்றிய பொது வரலாறுகளில் ஒரு விளக்கம் நிலைபெற்றுவிட்டது. பழைய கவசம் தோலாலும் பட்டாலும் ஆனது; 1543இல் போர்ச்சுகீசியர் வழியாகத் தானெகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தது; குண்டைத் தடுக்க இரும்புத் தகட்டுக் கவசம் பிறந்தது. இதில் பாதிதான் சரி. செதில் தகடாக மாறுவதற்கு முன்பே செதில்களைப் பிணைத்த முறை மாறிவிட்டது.

ஹெய்யான் காலத்து ஓ-யோரோய், குதிரைமேலிருந்து அம்பு எய்தவனுக்கான கவசம். எடை ஏறத்தாழ 30 கிலோ. அதன் அடிப்படை அலகு கொசானே என்னும் சிறு செதில். மாட்டுத்தோலை நீரில் ஊறவைத்து அடித்து இறுக்கி வெட்டிய செதில்களே மிகுதி. எடை கருதி, மார்பு போன்ற உயிர்நிலைப் பகுதிகளில் மட்டும் இரும்புச் செதில்களை இடையிட்டுக் கோத்தார்கள். ஓட்டுக்கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறுவதுபோல் ஒரு செதில் அடுத்ததன் பாதியை மூடுவதால் வரிசை முழுவதும் இரட்டைத் தடிமன் கிடைத்தது.

கோத்த வரிசைக்கு ஊருஷி பூசினார்கள். இது நாம் அறிந்த பூச்சியரக்கு அன்று. மரத்தைக் கீறி எடுக்கும் பால். ஈரக்காற்றில், தன்னிலுள்ள நொதியின் வினையால் இறுகுவது. மழை மிகுந்த நாட்டில் இரும்பைத் துருவிலிருந்தும் தோலை ஈரத்திலிருந்தும் காத்ததோடு, தனித்தனிச் செதில்களை விறைப்பான ஒரே பட்டையாக்கியதும் அதுதான். அப்பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டது பின்னல் பட்டுக்கயிறு. ஆகவே கவசம் குறுக்குவாட்டில் வளையாது. நெடுக்குவாட்டில் மடங்கி விரியும். கயிற்றின் நிறத்தில் மயங்கி அதை அலங்காரமாகக் கொள்வோர், அதை உருவிவிட்டால் மிஞ்சுவது பட்டைகளின் குவியல்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். தோக்கியோவின் மிதாகே மலைக்கோயிலில் உள்ள சிவப்புக் கயிற்று ஓ-யோரோயில், மஞ்சிட்டி இனச் செடியின் வேரால் சாயமிட்ட பழைய கயிறு இன்றும் சிவந்திருக்கிறது. மெய்ஜி காலப் பழுதுபார்ப்பில் சேர்த்த செயற்கைச் சாயக் கயிறோ வெளிறிவிட்டது.

பட்டைகளைக் கயிற்றால் நெருக்கமாகக் கோக்கும் இந்தக் கெபிகி முறைக்குச் செதில்தோறும் பல துளைகள் வேண்டும். உழைப்பும் பட்டும் ஏராளமாகச் செலவாகும். 1467இல் மூண்டு பத்தாண்டு நீடித்த ஓனின் போரும் அதன்பின் தொடர்ந்த உள்நாட்டுப் போர்களும் காலாட்படையைப் பெருக்கின. கவசம் விரைவாகவும் மலிவாகவும் தேவைப்பட்டது. விளிம்பு மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அகலச் செதில்களும், இணையிணையாக இடைவெளி விட்டுக் கோக்கும் சுகாகே முறையும் பரவின. இவை இரண்டும் 1543க்கு முந்தியவை. செதில் வரிசைக்குப் பதில் ஒரே தகட்டை வைத்த கவசமும் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோன்றிவிட்டது.

துப்பாக்கியின் பங்கை மறுக்கத் தேவையில்லை. தகடு தடித்ததும், கிடைத்தகடுகளைத் தறையடித்து இணைத்த ஓகேகாவா மார்புக்கவசம் பெருகியதும், சுட்டுப் பார்த்த குண்டின் பள்ளத்தைத் தரச்சான்றாக அப்படியே விட்டுவைத்ததும் அதன் விளைவுகளே. ஆனால் அது ஏற்கெனவே திறந்திருந்த வழியில் வந்தது.

இதற்கு வலுவான சாட்சி, கவசம் பற்றி 1800இல் அச்சான சகாகிபாரா கோசானின் நூல். அமைதி நிலவிய எடோ காலத்தில் பழைய பாணிக் கவசம் மீண்டும் செல்வாக்குப் பெற்றபோது அவர் அதை எதிர்த்தார். நெருக்கக் கயிறு நீரை உறிஞ்சிக் கனக்கும், குளிரில் உறையும், சேறு புகுந்தால் கழுவினாலும் போகாது, நெடும்போரில் நாற்றமெடுத்து எறும்பும் பேனும் சேரும் என்பன அவர் கூறிய குறைகள். ஒன்றுகூட இரும்பைப் பற்றியது அன்று! போர் வாழ்க்கை அறிந்த மரபு கயிற்றைத்தான் கவலைக்குரியதாகக் கண்டது. போரை அறியாத தலைமுறையோ, ஒரே தகட்டின் விளிம்பை வெட்டி, ஊருஷிக் கலவையால் மேடிட்டு, போலிச் செதில் வரிசை செய்து மகிழ்ந்தது.

ஆகவே கவசங்களைக் காலப்படுத்தும் அருங்காட்சியகங்கள் உலோகத்தின் தடிமனுக்கு முன் துளைகளின் அமைப்பைப் பதிவுசெய்ய வேண்டும். கயிறு பலமுறை மாற்றப்பட்டிருக்கலாம். முதலில் எந்த முறையில் கோத்தார்கள் என்பதைத் துளைகள் காட்டிக்கொடுக்கும்.