கலமும் மையும்: நம் கைகள் மறந்த கலை

 



ஹிரா குகையில் இறங்கிய முதல் வஹீயிலேயே எழுதுகோலைப் பற்றிப் பேசினான் அல்லாஹ். அதைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்ததைத் தன் பேரருளாக நினைவூட்டினான். பின்னர் எழுதுகோலின் பெயராலேயே ஒரு சூராவை அருளி, அதன் மீது சத்தியமும் செய்தான். படைத்தவனே சத்தியமிட்டுக் கூறிய ஒரு பொருளை இந்தச் சமுதாயம் எப்படிச் சாதாரணமாகக் கருத முடியும்?

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். எனவே, பிற சமூகத்து ஓவியர்கள் உருவங்களில் காட்டிய உழைப்பையும் நுட்பத்தையும் நம் முன்னோர் எழுத்தில் காட்டினார்கள். அந்த எழுத்தோவியக் கலையே ‘கத்’; அதில் தேர்ந்தவரே ‘காத்திப்’.

ராயக்கோட்டை வழியே சென்ற படை

நம் ராயக்கோட்டை மலைக்கோட்டையை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. திப்பு சுல்தானின் எல்லைக் காவலாக நின்ற இக்கோட்டை 1791 ஜூலையில் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இவ்வழியாகவே மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. இரண்டே மாதத்தில், மே 4ஆம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார்.

பொன்னும் மணியும் சூறையாடப்பட்டதைப் பலரும் பேசுவர். ஆனால் அந்த அரண்மனையில் ஏறத்தாழ 2,000 கையெழுத்து நூல்கள் கொண்ட நூலகம் ஒன்றும் இருந்தது. குர்ஆன், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு, தஸவ்வுஃப், மருத்துவம், வரலாறு எனப் பல துறை நூல்கள் அதில் இருந்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் அவற்றுக்கு விவரப்பட்டியல் தயாரித்து 1809இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கட்டப்பட்ட நூல்களின் அட்டைகளை அவர் வர்ணிக்கிறார்: நடுவே உள்ள பதக்க வடிவில் அல்லாஹ்வின் திருநாமமும், நபிகளார் (ஸல்), அன்னை ஃபாத்திமா (ரலி), ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) ஆகியோரின் பெயர்களும், நான்கு மூலைகளிலும் நான்கு கலீஃபாக்களின் பெயர்கள், மேலே, இறைவன் வழங்கிய அரசு என்ற வாசகம், கீழே, அல்லாஹ் போதுமானவன் என்ற வாசகம்.

அச்சு இயந்திரத்தின் துணையின்றி, ஒவ்வோர் எழுத்தும் ஒரு மனிதக் கையால் எழுதப்பட்ட நூல்கள் அவை. கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவை சென்றுவிட்டன. ஏடுகளை எதிரி எடுத்துச் சென்றான். அவற்றை எழுதிய கலையை நம்மிடமிருந்து எடுத்துச் சென்றது யார்?

ஒரு கலம் உருவாகும் விதம்

காத்திபின் ‘கலம்’ நாணல் குச்சியால் ஆனது. முற்றிக் காய்ந்து உறுதியான நாணலை எடுத்து, கூரிய கத்தியால் முனையைச் சீவுவார். எலும்பு அல்லது தந்தத்தாலான சிறு பட்டையின் மீது அதை வைத்து, ஒரே அழுத்தில் சாய்வாக நறுக்குவார். பிறகு மை இறங்குவதற்காக நடுவே மெல்லிய பிளவு இடுவார். இந்தச் சாய்வில்தான் எழுத்தின் உயிர் இருக்கிறது. ஒரே முனை ஒரு பக்கம் திரும்பினால் தடித்த கோடும், மறுபக்கம் திரும்பினால் மயிரிழைக் கோடும் வரும். முனை கோணினால் எழுத்தும் கோணும்.

காகிதமும் அப்படியே எழுதத் தகுந்ததன்று. மாவுக் கஞ்சியோ, படிகாரம் கலந்த முட்டை வெண்கருவோ பூசி உலர்த்தி, வழவழப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்ப்பார்கள். அப்போதுதான் கலம் தடையின்றி ஓடும். பிழை நேர்ந்தால் காகிதம் கிழியாமல் துடைத்துத் திருத்தவும் முடியும்.

ஓரங்களை அலங்கரிக்கும் கலைஞர் வேறொருவர். தங்கத் தகட்டைத் தேனோ பிசினோ சேர்த்து நுண்பொடியாக அரைத்து, நீரில் கழுவி எடுத்து, மெல்லிய தூரிகையால் தீட்டுவார். நம் நாட்டில் அத்தூரிகைக்கு அணில் வால் முடியைப் பயன்படுத்தினர். சிவப்புக்குச் சாதிலிங்கமும், நீலத்துக்கு லாஜவர்த் கல்லின் பொடியும் பயன்பட்டன.

விளக்குப் புகை மையாகிறது

மையின் மூலப்பொருள் என்ன தெரியுமா? விளக்குப் புகையின் கரி! அதைப் பிசின் நீருடன் சேர்த்து நீண்ட நேரம் இடிப்பார்கள். எவ்வளவு இடிக்கிறார்களோ அவ்வளவு மென்மை. மைக்கூட்டுக்குள் கச்சாப் பட்டு நூலைப் பந்தாக இடுவார்கள். கலம் அளவுக்கு மீறி மையை அள்ளாமலும், முனை மோதி உடையாமலும் அது காக்கும்.

1557இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளிவாசலில், கட்டடக் கலை மேதை சினான் ஒரு வியப்பான ஏற்பாட்டைச் செய்தார். உள்ளே எரியும் விளக்குகளின் புகை சுவரில் படியாமல், காற்றோட்டத்தால் வாயிலின் மேலுள்ள ஓர் அறையில் சேரும். அங்கே படியும் கரியை எடுத்து மை செய்வார்கள். தொழுகையாளிகளுக்கு ஒளி தந்த விளக்கின் புகைகூட வீணாகவில்லை!

கையை இழந்தும் கலத்தை விடாதவர்

எழுத்துக்கு அளவிலக்கணம் வகுத்தவர் பக்தாதின் அமைச்சர் இப்னு முக்லா. கலத்தின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்று நிர்ணயித்து, அந்த அலிஃபைக் கொண்டு மற்ற எழுத்துகளை அளந்தார். அரசியல் பகையால் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. எஞ்சிய கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கி.பி. 940இல் சிறையிலேயே மறைந்தார்.

கி.பி. 1201இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்களோ, ஹதீஸ் எழுதுவதற்காகச் சீவிய கலங்களின் சீவல்களையெல்லாம் சேர்த்து வைத்தார்கள். தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றைக் கொண்டே சூடாக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்தார்கள். அவ்வாறே செய்யப்பட்டது, சீவல்கள் மிஞ்சவும் செய்தன! நம் ஜனாஸாவுக்கு எதை மிச்சம் வைத்திருக்கிறோம்?

சென்னையில் ஓர் உதாரணம்

இது பழங்கதை மட்டுமன்று. சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் அவர்கள் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழைக் காத்திப்கள் நாள்தோறும் கையாலேயே எழுதினார்கள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து, தகடாக்கி அச்சிட்டார்கள். 1981இல் நூரி நஸ்தலீக் எழுத்துருவும், 1994இல் இன்பேஜ் மென்பொருளும் வந்து, நாடெங்கும் காத்திப்கள் வேலை இழந்தனர். அதன் பின்னரும் அங்கே கலம் ஓயவில்லை. கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையைக் காலியாக விட்டு வைப்பார்கள். அந்தக் காத்திப்களில் பெண்களும் இருந்தனர் என்பதை நம் பெண்மக்களுக்குச் சொல்லுங்கள்.

நம் சுவரில் நடந்தது

சகோதரர்களே! நம் வட்டாரத்தின் ஒரு பள்ளிவாசலில், பெயரறியாத ஒரு காத்திப் பல ஆண்டுகளுக்கு முன் சுவரில் தூரிகையால் எழுதிய கலிமா இருந்தது. மராமத்தின்போது அதன் மீது வண்ணம் பூசிவிட்டு ஃபிளெக்ஸ் பலகை மாட்டினார்கள். கணினியில் எழுத்துகள் இணையாமல் தனித்தனியாக உடைந்து, இடமிருந்து வலமாக அச்சாகியிருந்தன. நாங்கள் பெரியவர்கள் பல நாட்கள் அதன் கீழ் அமர்ந்திருந்தும் கவனிக்கவில்லை. மக்தபில் அலிஃப், பே ஓதும் ஒரு சிறுவன்தான், “ஹஜ்ரத், இதைப் படிக்க வரலியே!” என்றான். வண்ணம் பூசிய நாளில் தடுக்காமல் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

கணினி ஹராமன்று; இயந்திரம் பகையுமன்று. ஓசூர் ஆலைகளில் நுட்பமான இயந்திரங்களை இயக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் எழுத்தை அறிந்த கண் இல்லாவிட்டால், இயந்திரம் செய்யும் பிழையைக் கண்டுபிடிப்பது யார்? எச்செயலையும் அழகுறச் செய்வதை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்த இஹ்ஸானைக் கையால் பழகும் பள்ளிக்கூடமே இக்கலை.

எனவே மூன்று காரியங்கள் செய்வோம். வீட்டுப் பரணில் பாட்டனாரின் கையெழுத்து ஏடோ, அரபுத்தமிழ்க் கிதாபோ இருந்தால், பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல் ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். மக்தபுக்குச் செல்லும் பிள்ளையை நாளுக்கு ஒரு வரி கையால் எழுதச் செய்யுங்கள். பள்ளிவாசல் சுவரில் எதையும் அழிப்பதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கலத்தைக் கொண்டு கற்பித்த ரஹ்மான், நம் கைகளுக்கு அழகிய எழுத்தையும், மறுமையில் நம் ஏடுகளை வலக்கரத்தில் பெறும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.