பிரேக் ஆயில் என்றொரு பழம்பெயர்

விஸ்வநத்தத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில், ஈராண்டுகள் ஓடாமல் நின்ற அம்பாசிடரின் முன்சக்கரக் காலிப்பர்களைப் பிரித்தோம். (அம்பாசிடருக்கு ஏது காலிப்பர் என்று கேட்கலாம். மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் போல அதற்கும் நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். டிஸ்க் பிற்கால வண்டிகள் சிலவற்றில் வந்தது.) காற்றழுத்தத்தால் தள்ளினால் பிஸ்டன் குண்டெனப் பாயும். ஆதலின் குழாயைக் கழற்றுமுன் பிரேக் மிதியாலேயே மெல்ல வெளித்தள்ளினோம். பிஸ்டனில் துரு, ரப்பர் சீலோ உப்பிப் பருத்திருந்தது.

துருவுக்குக் காரணம் நீர். உப்பலுக்குக் காரணம், எவரோ ஊற்றிய எஞ்சின் ஆயில். அவரை முழுதும் குறைகூற மனம் வரவில்லை. நம் மெக்கானிக்குகள் தலைமுறைகளாக அதை 'பிரேக் ஆயில்' என்றே அழைத்து வருகின்றனர்.

அப்பெயர் ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இவ்வகை பிரேக்குகளில் பரவலாக ஓடியது ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவம். ஆம், பாட்டிமார் வயிற்றைக் கழுவ ஊட்டிய அதே விளக்கெண்ணெய். நம் கரிசல் காட்டில் பருத்திக்கு வரப்போரமாக நின்ற ஆமணக்கு! அன்றைய பிரேக்குகளில் இருந்தவை இயற்கை ரப்பர்க் கப்புகள். கனிம எண்ணெய் அவற்றை ஊதிப் பெருக்கும். ஆமணக்கெண்ணெய் ஊறு செய்யாது. எனவே அதுவே தேர்வாயிற்று.

அதை வெளியேற்றியது வெப்பம். 1953இல் லே மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது; 1955இல் சிட்ரோயன் டிஎஸ் அதைச் சாலைக்குக் கொணர்ந்தது. பிரேக்கில் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும், மிதி வெறுமனே தரையைத் தொடும். ஆல்கஹால் கலவைக்குக் கொதிநிலை குறைவு. கிளைக்கால் வகைத் திரவங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. டாட் 3 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 140. ஈரத்தை இழுப்பது அதன் பிறவிக்குணம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 1962இல், டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் கூடிச் சென்னையில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. பாகங்கள் இங்கேயே கிடைக்கலாயின. எண்ணெய் மாறிப்போனது, பெயர் மட்டும் மாறவில்லை.

சீலை நெம்ப நாம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தோம். நண்பர் தடுத்து மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவித் தந்தார். பட்டாசு ஊர்க்காரர் இரும்பை யோசித்தே தொடுவார். சீல் அமரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் திரவம் கசியும். அந்தச் சதுர விளிம்பு வளையம் வெறும் அடைப்பானன்று. மிதிக்கையில் பிஸ்டனோடு சற்றே வளைந்து, விட்டதும் நிமிர்ந்து அதைப் பின்னிழுப்பதும் அதுவே. உப்பிய வளையம் இழுக்காது. பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

எஞ்சின் ஆயில் தொட்ட ரப்பரை நம்பலாகாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ், பின்சக்கரக் கப்புகள் யாவற்றையும் மாற்றினோம். புதுச் சீலைப் புதுத் திரவத்தில் நனைத்து விரலாலேயே அமர்த்தினோம். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுத்து முடிக்கையில் இருட்டிவிட்டது. தொட்டி மூடியில் நண்பர் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்: 'ஆயில் அல்ல. டாட் 3.'