மலைப்பாம்பின் திடீர் நடத்தை மாற்றங்கள்

நேற்று வரை கையில் அமைதியாகச் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு இன்று சீறுகிறது. வாரந்தோறும் இரை எடுத்த பாம்பு ஒரு மாதமாக எலியைத் தொடவில்லை. மறைவிடத்தை விட்டு அசையாதது இரவு முழுவதும் கண்ணாடிச் சுவரை முட்டிக்கொண்டு அலைகிறது. வளர்ப்போர் இவற்றைத் திடீர் மாற்றம் என்று சொல்வார்கள். பாம்பின் குணம் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் தோலுரிப்பு, வெப்பம், ஈரப்பதம், பருவம், இனப்பெருக்கம், நோய் ஆகியவற்றால் வருபவை.

உலகெங்கும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் மலைப்பாம்பு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. இலங்கைக் காடுகளில் வாழ்வது அதன் பெரிய உறவான வெங்கிணாந்தி. திருகோணமலைப் பக்கத்து வயல்களிலும் குளக்கரைகளிலும் வெங்கிணாந்தி எப்படி வாழ்கிறது என்று அறிந்தவருக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பந்து மலைப்பாம்பின் போக்கும் எளிதில் விளங்கும்.

இரு இனங்கள்

பந்து மலைப்பாம்பின் அறிவியல் பெயர் பைத்தன் ரீஜியஸ். 1802இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜோர்ஜ் ஷோ இதை விவரித்தார். செனகலிலிருந்து உகண்டா வரையுள்ள புல்வெளிகளும் காட்டோரங்களும் இதன் தாயகம். வளர்ந்த பெண் பாம்பு ஒன்றரை மீற்றரைத் தாண்டுவது அரிது. ஆண் அதைவிடச் சிறியது. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி, இருட்டிய பின் வெளிவரும். அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பெயரும் அதனால் வந்ததே.

ஆயுள் நீண்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1961 முதல் இருந்த பெண் பந்து மலைப்பாம்பு ஒன்று, 2020 யூலையில் ஏழு முட்டைகள் இட்டது. அதன் வயது 60ஐத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அதற்கு முன் குறைந்தது 15 ஆண்டுகள் அது ஆண் பாம்பு எதனுடனும் சேர்ந்திருக்கவில்லை.

வெங்கிணாந்தி எனப்படும் பைத்தன் மொலூரஸை 1758இல் லின்னேயஸ் பெயரிட்டு வகைப்படுத்தினார். தமிழ்நாட்டில் மலைப்பாம்பு என்றும் சிங்களத்தில் பிம்புரா என்றும் அழைக்கப்படும் இதுவே இலங்கையின் மிகப் பெரிய பாம்பு. வளர்ந்தவை பொதுவாக 3 மீற்றர் அளவில் இருக்கும். அதைவிட மிக நீண்டவையும் உண்டு. நஞ்சற்றது. இரையைப் பல்லால் பற்றி, உடலால் இறுக்கிக் கொல்லும்.

இரண்டு இனங்களுக்கும் உதட்டோரச் செதில்களில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. கும்மிருட்டிலும் எலியின் உடற்சூட்டை அவை காட்டிக்கொடுக்கும். இரண்டும் இரையைத் துரத்தாமல் அது வரும் வழியில் காத்துக் கிடப்பவை. பல நாள் ஓரிடத்தில் அசையாமல் இருப்பது மலைப்பாம்புக்குச் சோம்பலோ சோர்வோ அன்று; அதன் வேட்டை முறையே அது.

கொட்டியாரக் குடாவும் வெங்கிணாந்தியும்

திருகோணமலை மாவட்டம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கும். தம்பலகாமத்து வயல்கள், கந்தளாய்க் குளத்தின் கரைகள், மூதூர்ப் பக்கம் மகாவலி கடலில் கலக்கும் சதுப்புகள், சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைச் சூழ்ந்து வளர்ந்த காடு என, மலைப்பாம்புக்கு ஏற்ற நிலம் துறைமுகத்தைச் சுற்றிலும் பரந்து கிடக்கிறது. எலியும் முயலும் கோழியும் இருக்குமிடம் தேடி அது வளவுகளுக்கும் வரும்.

இந்தப் பாம்பைப் பற்றிய பழைய ஆங்கிலக் குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் இதே கரையில் சிறைப்பட்டவர். 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. மறு ஆண்டு ரொபர்ட் நொக்ஸும் கப்பற்தலைவரான அவருடைய தந்தையும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டனர். 1679இல் தப்பிய நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் பிம்புராவை விவரித்திருக்கிறார். அது விரைந்து ஓடாது, மான் போகும் பாதையில் படுத்துக் காத்திருக்கும், வாலில் உள்ள முளை போன்ற ஒன்றால் இரையைப் பற்றும் என்பது அவர் கேட்டறிந்த செய்தி.

காத்திருக்கும் வேட்டையை நொக்ஸ் சரியாகவே பதிந்திருக்கிறார். முளையைப் பற்றிய விளக்கம்தான் தவறு. கழிவுத்துளையின் இரு பக்கமும் நகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உறுப்புகள், மலைப்பாம்பின் மூதாதையருக்கு இருந்த பின்னங்கால்களின் எச்சம். ஆணுக்கு இவை பெரிதாக இருக்கும். கூடும்போது பெண்ணின் உடலை வருடப் பயன்படும்.

தோலுரிப்பு

நடத்தை மாற்றத்துக்கு மிக அடிக்கடி காரணமாவது தோலுரிப்பு. முதலில் பாம்பின் நிறம் மங்கும். வயிற்றுப்புறம் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். அடுத்துக் கண்கள் பால் கலந்த நீல நிறமாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் திரவம் ஊறுவதால் வரும் மாற்றம் இது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் தோலோடு சேர்ந்தே உரியும். ஆகவே இந்நாட்களில் பாம்புக்குப் பார்வை தெளிவாக இராது. நிழல் அசைந்தாலும் சீறும், மறைவிடத்தில் ஒடுங்கும், இரையைத் தொடாது.

சில நாளில் கண் மீண்டும் தெளியும். எல்லாம் முடிந்துவிட்டது என்று வளர்ப்பவர் நினைக்கும் வேளை அது. ஆனால் தோல் உரிவது அதற்குப் பின் சில நாள் கழித்துத்தான். பாம்பு மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசி உதட்டோரத்தில் தோலைக் கிழிக்கும். பிறகு உட்புறம் வெளிப்புறமாகப் புரள, தலை முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழற்றும். துண்டு துண்டாக உரிந்தாலோ, கண்ணின் மேற்செதில் ஒட்டிக்கொண்டாலோ, காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். ஒட்டிய கண்செதிலை நகத்தால் பிய்ப்பது கண்ணையே கெடுத்துவிடும். ஈரமான பாசி வைத்த மறைவிடம் ஒன்று கொடுத்தால் அடுத்த தோலுரிப்பில் அது பெரும்பாலும் தானாகவே நீங்கும்.

இரை மறுப்பு

பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாமல் இருப்பது வளர்ப்போரை அதிகம் கலங்கவைப்பது. வளர்ந்த ஆண் பாம்புகள் இனச்சேர்க்கைப் பருவத்தில் இரையை அடியோடு மறுப்பது வழக்கம். கருவுற்ற பெண்ணும் அப்படியே. புதிய வீடு, புதிய பெட்டி, ஓயாத சத்தம், அடிக்கடி கையில் எடுப்பது ஆகியவையும் பசியை அடக்கிவிடும்.

இங்கே நம்பத்தக்க அளவுகோல் எடைத்தராசு. வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைத்தால் போதும். எடை குறையாமல் இருக்கும் வளர்ந்த பாம்பு உண்ணாவிட்டாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு மேடிட்டுத் தெரிந்தாலோ மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். குட்டிப் பாம்புக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை.

மலைப்பாம்பின் உடல் பட்டினிக்கும் விருந்துக்கும் ஏற்ப மாறுவது வியப்புக்குரியது. வெங்கிணாந்தியின் கிளையினமாக முன்னர் கருதப்பட்ட பர்மிய மலைப்பாம்பில், பெரிய இரை ஒன்றை விழுங்கிய இரண்டு நாளுக்குள் இதயத்தின் கீழறைத் திசு ஏறக்குறைய 40 வீதம் பெருப்பதாக 2005இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. செரிமானத்துக்கு வெப்பம் தேவை. உண்டபின் பாம்பு சூடான இடத்தை விட்டு நகராமல் கிடப்பது அதனால்தான். அவ்வேளையில் தொந்தரவு செய்தால் உண்டதைக் கக்கிவிடும். வளவில் ஆட்டுக்குட்டியை விழுங்கிக் கிடந்த வெங்கிணாந்தி, ஆட்கள் கூடியதும் அதைக் கக்கிவிட்டு ஓடப் பார்ப்பது தப்பிப்பதற்காக.

வெப்பமும் ஈரப்பதமும்

பாம்பு தன் உடற்சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. பந்து மலைப்பாம்பின் பெட்டியில் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், மறுபக்கம் 25 முதல் 27 பாகை வரையும் இருந்தால் அது தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். ஈரப்பதம் 55 முதல் 70 வீதம் வரை வேண்டும். நாள் முழுவதும் தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடந்தால் பெட்டி மிகச் சூடாகிவிட்டது, அல்லது உடலில் உண்ணி பிடித்திருக்கிறது. உண்ணியென்றால் தண்ணீரில் கரும்புள்ளிகள் மிதக்கும்.

ஊருக்கு ஊர் சிக்கல் வேறு. டொராண்டோவில் பனிக்காலத்து வீட்டுச் சூடாக்கி காற்றை வறளச் செய்வதால் தோல் ஒட்டிக்கொள்ளும். திருகோணமலையில் கச்சான் வீசும் பகல் தானாகவே 33 பாகையைத் தாண்டும். அதற்கு மேல் கட்டுப்பாட்டுக் கருவியில்லாத விளக்கு ஒன்றைப் பொருத்தினால் பாம்பு வெந்து இறக்கவும் கூடும்.

காட்டுப் பாம்பும் இதே கணக்கில்தான் நடக்கிறது. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் நிலையத்தைச் சேர்ந்த சு. பூபதி, ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் மலைப்பாம்புகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அங்கே முள்ளம்பன்றி வளைகளில் தங்கும் பாம்புகள் குளிர்காலப் பகலில் வெளியே வந்து வெயில் காயும். இரவில் நடமாடும் பாம்பு பட்டப்பகலில் திறந்த வெளியில் கிடப்பதைத் தனியாகப் பார்த்தால் விபரீதமாகத் தோன்றும். காற்றின் குளிரோடு சேர்த்துப் பார்த்தால் அது இயல்பு.

கடி

சாதுவான பாம்பு திடீரெனக் கடித்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பயத்தில் கடிப்பது மின்னல் வேகத்தில் கொத்தி உடனே விடும். அதற்கு முன் கழுத்து ஆங்கில எழுத்து எஸ் வடிவில் வளையும், சீறலும் கேட்கும். இரையென்று தவறாக எண்ணிக் கடிப்பது சத்தமில்லாமல் வரும். பற்றியபின் விடாது, சுற்றி இறுக்கும். எலியைத் தொட்ட கையில் மணமும் இருக்கும், சூடும் இருக்கும். நாக்கும் வெப்பக்குழிகளும் சொல்வதைப் பாம்பு நம்புகிறது. கையைக் கழுவிவிட்டு, முதலில் கொக்கியால் உடலை மெதுவாகத் தொட்டுப் பழக்கினால் இந்தக் குழப்பம் குறையும்.

அடைகாத்தல்

முட்டையிட்ட பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் காவல் இருக்கும். வெங்கிணாந்தியும் பர்மிய மலைப்பாம்பும் இதற்காகத் தம் தசைகளைத் தொடர்ந்து துடிக்கவைத்து வெப்பம் உண்டாக்கும். 1841இல் பாரிஸ் தாவரவியற் பூங்காவில் வலென்சியென் என்ற விலங்கியலாளர் அடைகாக்கும் பாம்பின் உடற்சூட்டை அளந்தார். அது சூழலைவிடக் கூடுதலாக இருந்தது. வலிப்போ என்று அஞ்சத்தக்க அந்தத் துடிப்பு தாய்மையின் உழைப்பு. பந்து மலைப்பாம்பும் முட்டைகளைச் சுற்றிக் காத்து ஈரம் வற்றாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் துடித்து வெப்பம் உண்டாக்குவதில்லை. ஆகவே பந்து மலைப்பாம்பின் உடலில் நடுக்கம் கண்டால் அதை அடைகாத்தல் என்று விட்டுவிடக் கூடாது.

நோயின் அறிகுறிகள்

சில மாற்றங்கள் காத்திருக்க இடம் தராதவை. வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூக்கில் குமிழி, வாயில் கோழை, மூச்சில் விசில் ஒலி ஆகியவை சுவாச நோயின் அடையாளம். பந்து மலைப்பாம்புகளில் கடுமையான நுரையீரல் நோயை உண்டாக்கும் நிடோ வைரஸ் 2014இல் அறிவிக்கப்பட்டது. தலையை மேல்நோக்கி வளைத்து அப்படியே நிற்பது, கவிழ்த்துப் போட்டால் நிமிர முடியாமை, நடுக்கம் ஆகியவை நரம்பு மண்டலத்தின் பாதிப்பு. தொற்றும் காரணமாகலாம், பூச்சிமருந்தும் காரணமாகலாம். 2017இல் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியா கண்டது போன்ற டெங்குக் காலத்தில் வீடுகளில் நுளம்புக்குப் புகையடிக்கும் மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்பையும் தாக்கக்கூடியவை.

பிறப்பிலேயே வரும் தள்ளாட்டம் வேறு. சிலந்தி எனப்படும் வண்ண வகைப் பந்து மலைப்பாம்புகள் தலை ஆடியபடியே வாழ்கின்றன. அவற்றின் உட்காது சரியாக உருவாகவில்லை என்பதை 2022இல் வெளிவந்த ஊடுகதிர்ப் படிம ஆய்வு ஒன்று காட்டியது. அழகிய நிறத்துக்காக இக்குறையையும் சேர்த்துப் பெருக்குவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை.

சட்டநிலை

இலங்கையில் வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009இல் செய்யப்பட்ட திருத்தமும் அதைக் கொல்வதையும் அனுமதியின்றிப் பிடித்து வைத்திருப்பதையும் தடுக்கின்றன. அழியும் நிலை உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. பந்து மலைப்பாம்பு அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளதால் அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

கள்ளச் சந்தை அப்படியும் ஓயவில்லை. 2023 சனவரியில் பாங்கொக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த கேட்பாரற்ற பைகளில் 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தனர். இப்படி வரும் பாம்பின் வயது, கடைசியாக உண்ட நாள், கூட இருந்த பாம்புகளின் நோய் எதுவும் வாங்குபவருக்குத் தெரியாது. அதன் நடத்தையை ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய பதிவு ஒன்றும் இராது.

வளவில் வெங்கிணாந்தி தென்பட்டால் நாய்களைக் கட்டி, ஆட்களை விலக்கிவிட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். கோழிக்கூட்டுக்குள் இரை விழுங்கிக் கிடந்தால் அதைக் கம்பால் குத்தாமல் விடுவது நல்லது. வயிறு புடைத்திருப்பதால் வந்த வழியே அது வெளியேற முடியாமல் கிடக்கும். கூட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அலுவலர் வரும் வரை தூர நின்று பார்த்துக்கொண்டால் போதும்.