விரலி போன வழி

ஈரோட்டுப் பக்கம் ஆனி, ஆடியில் மண்ணுக்குள் போகும் மஞ்சள் தை, மாசியில்தான் வெளியே வருகிறது. தோண்டியதும் தாய்க்கிழங்கையும் அதிலிருந்து கிளைத்த விரலியையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். இரண்டும் வேகும் நேரம் வேறு. முன்பெல்லாம் கொப்பரையில் வேகவைத்தார்கள். இப்போது காட்டுக்கே நீராவி பாய்லர் வந்துவிடுகிறது. நுரை பொங்கி மணம் எழும்போது ஒரு கிழங்கை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையில்லாமல் இறங்கினால் பதம். வேகாததில் நிறம் சீராகப் பரவாது, அளவுக்கு மேல் வெந்ததில் நிறம் மங்கிப்போகும். அப்புறம் களத்தில் பத்துப் பதினைந்து நாள் வெயில். கடைசியில் உருளையில் போட்டுச் சுற்றி மெருகு.

ஏலத்துக்கு வரும் வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறத்தைத்தான் பார்க்கிறார். அந்த நிறத்தைத் தருவது குர்குமின். 1815லேயே வோகல், பெல்லத்தியே என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். காய்ந்த மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இருக்கும், ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். இந்த மூன்று பங்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள், லாரி ஏறிச் சென்னை மொத்தக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எம்.டி.எச். ரோட்டு மளிகைக் கடைகளில் இறங்குகிறது. அந்த ரோட்டு மண்ணூர்பேட்டையில் இன்றும் விரலியாகவே வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, உலக்கையால் நொறுக்கி மாவு மில்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். முக்கால்வாசி குழம்புக்குப் போகும். கொஞ்சம், இருமினால் பாலுக்கு. இன்னும் கொஞ்சம், வயிற்றுப் புண் என்று யாராவது சொன்னால் அதற்கும்.

அந்த வயிற்றுப் புண்களில் ஒன்றுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவரில் அழற்சி, புண், மலத்தில் ரத்தமும் சளியும். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இது வந்தால் உடம்பு வலியோடு முடிவதில்லை. எட்டு மணி நேரத்தில் எத்தனை தடவைதான் மெஷினை விட்டுவிட்டு ஓட முடியும்? சொல்ல வெட்கப்பட்டு, மூலம் என்றோ சீதபேதி என்றோ நினைத்துக் காலம் கடத்துகிறவர்கள் நம்மிடையே அதிகம். கொலோனாஸ்கோப்பி பார்த்து, மெசலமைன் மாத்திரை ஆரம்பித்து, கொஞ்சம் தேறியதும் வீட்டில் யாரோ சொல்வார்கள்: “இங்கிலீஷ் மருந்த விட்ருப்பா, தினம் மஞ்சப்பால் குடி.” அன்பில் சொல்வதுதான். ஆனால் அடங்கிய நோய் மருந்தை விட்டதும் திரும்பக் கிளம்புவது இந்த நோயின் சுபாவம்.

மஞ்சள் புண் ஆற்றும் என்பதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. 1995ல் மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் 1953ல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டி வாதாடியது. 1997ல் காப்புரிமை ரத்தானது. அது நியாயமான வெற்றி. ஆனால் அந்த வழக்கு, இந்த முறை புதிதல்ல என்பதை மட்டுமே நிறுவியது. குடலுக்குள் இருக்கும் புண்ணை மஞ்சள் ஆற்றுமா என்பதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டியிருந்தது.

சோதித்தார்கள். 2006ல் ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேருக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து, பாதிப் பேருக்கு மட்டும் தினம் 2 கிராம் குர்குமின் ஆறு மாதம் கொடுத்தார்கள். முடிவில் கணக்கில் எடுத்தவர்களில், குர்குமின் எடுத்த 43 பேரில் இரண்டு பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் எட்டுப் பேருக்குத் திரும்பியது. 2015ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மெசலமைன் மட்டும் போதாமல் தவித்த 50 பேருக்குத் தினம் 3 கிராம் அல்லது வெற்று மாத்திரை. ஒரே மாதத்தில் குர்குமின் பக்கம் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது, மறுபக்கம் 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிறிய ஆய்வுகள்தான், என்றாலும் எனக்கு நம்பிக்கை தருகின்றன. 2017ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. குடலில் வரும் இன்னொரு அழற்சியான க்ரோன்ஸ் நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு பிரான்ஸில் 3 கிராம் கொடுத்தும், 2020ல் வந்த முடிவு கைகொடுக்கவில்லை.

இப்போது அந்த மூன்று பங்குக்கு வருவோம். பாலில் போடும் அரை கிராம் தூளில் குர்குமின் 15 மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த 3 கிராம் வேண்டுமென்றால் தினம் ஒரு 100 கிராம் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும். யாராலும் ஆகாது, செய்யவும் கூடாது. மஞ்சப்பால் நல்ல பால். கொலைட்டிஸுக்கு அது மருந்தாகாது.

அதனால்தான் விரலி இன்னொரு பிறவி எடுத்து, சத்தாகப் பிரிக்கப்பட்டு, காப்ஸ்யூலாக மெடிக்கல் ஷாப்புக்கு வருகிறது. பலவற்றில் மிளகுச் சத்தான பைப்பரினும் சேர்ந்திருக்கும். 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு கூடியது. மூட்டுவலிக்காரருக்கு அது வேண்டியிருக்கலாம். குடல் புண்காரருக்கோ, ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்கிப்போகிற குர்குமின்தான் புண்ணைத் தொடும் என்று கருதப்படுகிறது. மேலும் 2022ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதித்த 10 பேரைப் பற்றி எழுதினார்கள். சோதித்த மாத்திரைகள் சிலவற்றில் பைப்பரின் இருந்தது.

தூளிலும் கவனம் வேண்டும். மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற, ஈயம் கலந்த லெட் குரோமேட் பூசுவதை பங்களாதேஷில் 2019ல் கண்டுபிடித்தார்கள். பாட்னாவில் வாங்கிய மாதிரிகளிலும் அளவு கடந்த ஈயம் கிடைத்தது. விரலி வாங்கி மில்லில் அரைக்கிறவர்கள் கண்ணைப் பறிக்கும் மஞ்சளைத் தவிர்ப்பது நல்லது.

காப்ஸ்யூல் வாங்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘மஞ்சள் தூள் 500 மி.கி.’ என்றிருந்தால் உள்ளே குர்குமின் 15 மில்லிகிராம்தான். ‘95 சதவீதம் குர்குமினாய்டு’ (குர்குமினும் அதன் இனமும்) என்றிருந்தால் கணக்கே வேறு. எதுவானாலும் அந்த டப்பாவை அப்படியே குடல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்பார். ஈரல் பரிசோதனையும் எழுதித் தரலாம். மெசலமைனை அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பலன் தெரிந்த அந்த ஜப்பான், 2015 ஆய்வுகள் இரண்டிலும் குர்குமின் வேலை செய்தது வழக்கமான மருந்தோடு சேர்ந்துதான்.