ஏரி வாரியத்தின் கணக்கு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளை முதலில் பார்த்தது பள்ளியில் படித்தபோது. 'குடவோலை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினேன். ஊராட்சி வார்டு உறுப்பினரான பிறகு மறுபடி போய் நின்றேன். அப்போதுதான் அந்த எழுத்துகளுக்குள் இருந்த ஏரி கண்ணில் பட்டது.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை அவை. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. இந்த விதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் ஏரி வேலை நிற்காமல் நடக்க இது வழி செய்தது. மராமத்துக்கென்றே 'ஏரிப்பட்டி' நிலம் ஒதுக்கிய ஊர்களும் இருந்தன.

அந்தக் குடத்தில் என் முன்னோரின் ஓலை விழுந்திருக்காது. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் தகுதி வைத்திருந்தார்கள். பெண்களுக்கு இடமே இல்லை. ஆனால் எங்கள் ஏரியைக் காத்த கை எங்கள் வீட்டுக் கை. தாத்தா கம்புகட்டி; தெற்கே நீர்பாய்ச்சி என்பார்கள். மதகைத் திறப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது, மழை இரவில் கரை நெடுக நடந்து நண்டு வளையை அடைப்பது எல்லாம் அவர் வேலை. கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போடும் நெல். வைகாசியில் ஏரி வற்றியதும் வண்டல் மாட்டுவண்டியில் வயலுக்குப் போகும். அதுவே எரு, அதுவே தூர் வாரல்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஏற்பாடு குலைந்தது. நஞ்சை வரியை அரசு எடுத்துக்கொண்டது. மராமத்து மட்டும் குடிகள் தலையில் விழுந்தது. வேலைக்கு வராதவர்மேல் தண்டம் போட 1858ல் சட்டமே வந்தது. மனம் இல்லாத இடத்தில் மண்வெட்டி எத்தனை நாள் எழும்?

இன்று 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரை உடையுமோ என்று ஊரே விழித்துக் கிடந்தது. மறு ஆண்டே வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வெள்ளத்தைத் தாங்குவதும் வறட்சிக்குச் சேர்த்து வைப்பதும் அதே ஏரிதான். காலநிலை மாற்றம் என்று எங்கோ பேசுவது எங்களுக்கு இந்தக் கரையில்தான் வந்து நிற்கிறது. வெள்ளம் வந்த ஆண்டில் வரத்துக் கால்வாயைச் சீர்செய்யத் தீர்மானம் போடுகிறோம். வெயில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். கால்வாயில் சீமைக்கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது.

என்னோடு மன்றத்தில் இருப்பவர்களையும் ஒன்றிய அதிகாரிகளையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: எடுத்த வேலையைப் பாதியில் விடாதீர்கள். எவ்வளவு தூர் எடுத்தோம், கலங்கல் எந்த நிலையில் இருக்கிறது, கால்வாயில் யார் வீடு கட்டியிருக்கிறார் என்று ஆண்டுதோறும் மே 1 கிராம சபையில் கணக்கு வாசிப்போம். தாத்தாவின் கம்பு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. தண்ணீர் மட்டம் அளக்க அதை நான் எடுத்து வருகிறேன்.